வெள்ளை மாளிகையிலிருந்து ஆலோசகர் வேலைக்கு: லாரி ஸ்பீக்ஸ் எங்கே சறுக்கினார்?

கேள்வி இது: "அமெரிக்க அதிபர்களின் செய்தித் தொடர்பாளர்கள் பதவி முடிந்ததும் பெரிய நிறுவனங்களுக்கு ஊடக ஆலோசகர்களாகப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று நிறுவனங்கள் பணத்தைக் கொட்டுகின்றன? அதிபர் ரீகனிடம் இருந்த லாரி ஸ்பீக்ஸ் மட்டும் ஏன் அப்படிச் சேர்ந்த நிறுவன வேலையை ஓராண்டு சொச்சத்தில் விட்டுப் போக வேண்டி வந்தது?"

பலர் நினைப்பது போல, நிறுவனங்கள் வாங்குவது ஒரு டெலிபோன் டைரியை அல்ல. அந்த டைரிக்கு மதிப்பு உண்டு, ஆனால் ஆட்சி மாறினால் அதில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் காசு பெறுபவை இரண்டு. ஒன்று, நாளைக் காலை நிருபர் என்ன கேட்பார் என்பதை இன்று இரவே சொல்லத் தெரிவது. இன்னொன்று, "அந்தச் செய்தி தவறு, போடாதீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் நிருபர் நம்புவது. முதலாவதைப் பயிற்சியில் யாரும் கற்கலாம். இரண்டாவது பல ஆண்டுகள் ஒரே ஆட்களோடு பழகிச் சேர்த்த முதல். ஸ்பீக்ஸ் தொலைத்தது அதைத்தான், அதுவும் யாரும் தட்டிப் பறிக்கவில்லை, அவரே எழுதி வெளியிட்டுத் தொலைத்தார்.

அவருடைய பாதையைக் கொஞ்சம் பார்ப்போம். மிசிசிப்பி மாநிலத்துக்காரர். சிறிய ஊர்ப் பத்திரிகைகளில் ஆசிரியராக இருந்தவர். 1968-இல் அந்த மாநில செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் பத்திரிகைச் செயலாளராக வாஷிங்டன் வந்தார். 1974-இல் நிக்சனின் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தபோது எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததை மூடி மறைத்த வாட்டர்கேட் விவகாரம் உச்சத்தில் இருந்தது. அதிபரின் சட்ட ஆலோசகர் தரப்புக்குப் பேசுகிற வேலை அவருக்கு. அதன்பின், நிக்சனுக்கு அடுத்து அதிபரான ஃபோர்டிடம் துணைப் பத்திரிகைச் செயலாளர். ஃபோர்டு தோற்றதும் ஹில் அண்ட் நோல்டன் என்ற பெரிய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் துணைத் தலைவர். அங்கிருந்து 1981-இல் ரீகனிடம். அரசு வேலையிலிருந்து ஆலோசனைத் தொழிலுக்கும், அங்கிருந்து திரும்ப அரசுக்கும் போய்வருவது வாஷிங்டனில் சாதாரணம், ஸ்பீக்ஸ் ஒன்றும் விதிவிலக்கல்ல.

ரீகனிடம் அவர் முதல் ஆளாகச் சேரவில்லை. பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி. 1981 மார்ச் 30 அன்று ரீகனைச் சுட்டபோது பிராடியின் தலையிலும் குண்டு பாய்ந்தது. அந்தப் பிற்பகல் வெள்ளை மாளிகையின் செய்தியாளர் அறை மேடையில் ஏறி நின்றவர் ஸ்பீக்ஸ். அதிபர் அறுவை சிகிச்சையில் இருக்கிறார், அரசாங்கத்தை யார் நடத்துகிறார்கள், ராணுவம் உஷார் நிலையில் இருக்கிறதா என்று கேள்விகள் பறந்தன. இப்போது அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பதில், பொறுப்பில் யாருமே இல்லை என்பது போல ஒலித்தது. கீழே நிலவறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹேக் படியேறி ஓடிவந்து, மூச்சு வாங்க மேடையில் நின்று, இங்கே கட்டுப்பாடு என் கையில் என்றார். அரசியல் சட்டப்படி அதிபர், துணை அதிபருக்கு அடுத்த இடம் அவருடையது அல்ல. அந்த ஒரு வாக்கியம் ஹேக்கைக் கடைசிவரை விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நேர்மை. ஆனால் அடுத்த தகவல் எப்போது வரும், யாரிடமிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அந்த வெற்றிடத்தை நிரப்ப யாராவது ஓடிவருவார்கள். நெருக்கடி ஆலோசனை என்று இன்று விற்கப்படுவதில் பாதி இதுதான்.

பிராடி உயிர் பிழைத்தார், வேலைக்குத் திரும்ப முடியவில்லை. மரியாதைக்காகப் பத்திரிகைச் செயலாளர் என்ற பட்டம் அவர் பெயரிலேயே இருந்தது. வேலை முழுவதையும் செய்தது ஸ்பீக்ஸ். அவர் மேஜையில் ஒரு வாசகம் இருந்தது: செய்தியை எப்படி அரங்கேற்றுவது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டாம், அதை எப்படி எழுதுவது என்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டோம்.

அந்த ஆறு ஆண்டுகளில் அவருக்கு விழுந்த பெரிய அடி 1983 அக்டோபர் 24. சிபிஎஸ் நிருபர் பில் பிளான்ட், அமெரிக்கப் படைகள் கரீபியக் கடலில் உள்ள கிரெனடா தீவுக்குள் இறங்கப் போகின்றனவா என்று கேட்டார். ஸ்பீக்ஸ் தேசியப் பாதுகாப்புக் குழுவிடம் விசாரித்தார். அங்கிருந்த ஜான் பாயின்டெக்ஸ்டர், அபத்தம், அடித்து மறுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஸ்பீக்ஸ் அப்படியே மறுத்தார். மறுநாள் விடியற்காலை படைகள் இறங்கிவிட்டன. அவருடைய அலுவலகத்தில் வெளியுறவு விஷயங்களைக் கவனித்த லெஸ் ஜான்கா ராஜினாமா செய்தார். ஸ்பீக்ஸ் கொதித்தார், ஆனால் பதவியில் நீடித்தார். இந்த விஷயத்தில் நிருபர்கள் அவரைப் பெருமளவு மன்னித்தார்கள் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரிடமே பொய் சொல்லப்பட்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மன்னிக்க முடியாத ஒன்றும் அவர் கணக்கில் இருக்கிறது. 1982 அக்டோபரில் ஒரு நிருபர் எய்ட்ஸ் பற்றிக் கேட்டார். அறுநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்த நேரம். ஸ்பீக்ஸ் அதைக் கேலியாகத் திருப்பி, எனக்கு இல்லை, உனக்கு இருக்கிறதா என்றார். அறையே சிரித்தது. அன்று அது பெரிய செய்தியாகவில்லை. ஆனால் ஒலிப்பதிவு இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அதைக் கேட்பவர்களுக்கு உடம்பு கூசுகிறது, அந்தச் சிரிப்போடு சேர்த்து. மேடையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எழுத்தில் பதிவாகி அரசு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேலைக்கு வருகிற யாரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது ராஜினாமா கதைக்கு வருவோம். 1985 நவம்பரில் ஜெனீவாவில் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் முதல் முறை சந்தித்தார்கள். கோர்பச்சேவ் நன்றாகப் பேசினார், உலகப் பத்திரிகைகள் அவரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தன. ரீகன் தரப்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. தன் தலைவர் பின்தங்குகிறார் என்று ஸ்பீக்ஸ் கவலைப்பட்டார். தன் உதவியாளரிடம் சில வாக்கியங்கள் எழுதச் சொல்லி, அவற்றைச் செதுக்கி, ரீகன் கோர்பச்சேவிடம் சொன்னவை என்று நிருபர்களிடம் கொடுத்தார். நம்மைப் பிரிப்பவை நிறைய இருக்கின்றன, ஆனாலும் நாம் இருவரும் பேசிக்கொண்டிருப்பதால் உலகம் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுகிறது என்பது அதில் ஒன்று. அழகான வாக்கியம்தான். எல்லாரும் போட்டார்கள். ரீகன் அப்படிச் சொல்லவே இல்லை.

அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1987 பிப்ரவரியில் ஸ்பீக்ஸ் விடைபெற்று, வால் ஸ்ட்ரீட்டின் மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் தகவல் தொடர்புக்கான மூத்த துணைத் தலைவராகச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று பங்குச் சந்தை ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. முதலீட்டாளர்கள் பதறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் குரலாக இருப்பது எளிதான வேலையே அல்ல. அப்புறம் 1988-இல் அவருடைய நினைவுக்குறிப்புகள் வெளிவந்தன. ஜெனீவா வாக்கியங்களைத் தானே உருவாக்கியதை அதில் அவரே எழுதியிருந்தார். 1983-இல் சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியபோது, வெளியுறவுச் செயலர் ஷூல்ட்ஸ் சொன்னதை ரீகன் வாயில் போட்டுச் சொன்னதையும் எழுதியிருந்தார். தன் தலைவரின் மனதில் இருந்தது தனக்குத் தெரியும், அதைத்தான் வார்த்தையாக்கினேன் என்பது அவர் தரப்பு நியாயம். ரீகன், இப்படி நடந்தது எனக்குத் தெரியாது என்று கைகழுவிவிட்டார். ஏப்ரலில் ஸ்பீக்ஸ் மெரில் லிஞ்ச்சிலிருந்து விலகினார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தலைவருக்காக வாக்கியம் எழுதுவது இந்தத் தொழிலின் அன்றாட வேலை. நிறுவனத் தலைவர் சொன்னதாக அறிக்கையில் வரும் மேற்கோள்களில் பெரும்பாலானவை இன்னொருவர் எழுதியவையே. வித்தியாசம் ஒரே ஒரு கையொப்பத்தில் இருக்கிறது: எழுதியதைத் தலைவரிடம் காட்டி, "இது உங்கள் வார்த்தை, சரியா?" என்று கேட்டு, அவர் தலையசைத்தால் அது அவருடைய வார்த்தை. ஸ்பீக்ஸ் அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யவில்லை. அதைவிட முக்கியம், ஜெனீவா வாக்கியம் அறிக்கை அல்ல. மூடிய அறைக்குள் இருவர் பேசியபோது நடந்தது இது என்று அவர் கொடுத்த சாட்சி. சாட்சியை ஜோடித்தவர் என்று பெயர் வந்துவிட்டால், அதன்பின் அவர் உண்மையையே சொன்னாலும் நிருபர் இன்னொரு இடத்தில் உறுதி செய்துகொள்ளாமல் எழுத மாட்டார். அப்படிப்பட்டவரை ஒரு நிதி நிறுவனம் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? அவர் அதன்பின் வேறு நிறுவனங்களில் வேலை செய்தார், அமெரிக்கத் தபால் துறையிலும் இருந்தார், 2014 ஜனவரியில் பிறந்த ஊரிலேயே காலமானார். ஆனால் வால் ஸ்ட்ரீட் உயரத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

அப்படியானால் பொய் சொன்ன எல்லாருக்கும் இதே கதியா என்றால், இல்லை. ஜிம்மி கார்ட்டரின் பத்திரிகைச் செயலாளர் ஜோடி பவல் ஸ்பீக்ஸைவிடத் தெளிவாக, தெரிந்தே பொய் சொன்னவர். 1980 ஏப்ரலில் ஈரானில் அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்க ராணுவ நடவடிக்கை வருமா என்று லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் ஜாக் நெல்சன் கேட்டார். அதில் அர்த்தமே இல்லை என்ற தொனியில் பவல் மறுத்தார். இரண்டு நாள் கழித்து ஹெலிகாப்டர்கள் கிளம்பிவிட்டன. பாலைவனத்தில் எட்டு அமெரிக்க வீரர்கள் இறந்து, முயற்சி தோல்வியில் முடிந்தது. பவல் இதை மறைக்கவில்லை. உயிர்கள் அதைச் சார்ந்திருந்தன, அந்த நிலையில் மறுபடியும் அதையே செய்வேன் என்று பின்னாளில் வெளிப்படையாக வாதாடினார். நெல்சன் உட்பட நிருபர்களில் பலர் அவரோடு பேசுவதை நிறுத்தவில்லை. எதற்காகச் சொன்ன பொய் என்பதை அவர்கள் எடைபோட்டார்கள். வீரர்களின் உயிருக்காகச் சொன்னதற்கும், தலைவர் கெட்டிக்காரராகத் தெரிய வேண்டும் என்று சொன்னதற்கும் இடையே உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது.

பவலின் அடுத்த வாழ்க்கைதான் இந்தத் தொழிலுக்கு நல்ல முன்மாதிரி. 1970-இல் கார்ட்டரின் ஆளுநர் தேர்தலில் அவருக்குக் கார் ஓட்டியவர் பவல். அந்த இளைஞர் வெள்ளை மாளிகைவரை வந்து, தோல்விக்குப் பின் பத்திகள் எழுதி, தொலைக்காட்சியில் கருத்துச் சொல்லி, 1991-இல் ஷீலா டேட்டுடன் சேர்ந்து பவல் டேட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டேட் யார் தெரியுமா? நான்சி ரீகனின் பத்திரிகைச் செயலாளராக இருந்தவர், எதிர்க்கட்சிக்காரர். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே பலகையில் பெயர் போட்டதன் அர்த்தம் வாடிக்கையாளர்களுக்கு உடனே புரிந்தது. எந்தக் கட்சி வந்தாலும் இந்த அலுவலகத்துக்கு வேலை இருக்கும். முதலில் சொன்ன டெலிபோன் டைரிப் பிரச்சினைக்கு இது புத்திசாலித்தனமான விடை.

ஜெரால்ட் டெர்ஹார்ஸ்ட் என்ற பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெட்ராய்ட் நியூஸ் நிருபர். ஃபோர்டு 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவியேற்றதும் அவரைப் பத்திரிகைச் செயலாளராக்கினார். வாட்டர்கேட்டால் பதவி விலகிய நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கும் திட்டம் எதுவும் இல்லை என்று டெர்ஹார்ஸ்ட் நிருபர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. செப்டம்பர் 8 அன்று மன்னிப்பு வந்தது. அன்றே ராஜினாமா செய்தார். ஒரு மாதப் பதவி. திரும்பப் பத்திரிகைக்குப் போனார், பிறகு 1981-இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் பொது விவகாரங்களைக் கவனித்தார். ஒரு மாதம் இருந்தவரின் சொல்லுக்கு, ஆறு ஆண்டுகள் இருந்தவரின் சொல்லைவிட அதிக மதிப்பு இருந்தது.

இன்னொரு விதமான வீழ்ச்சியும் அதே ரீகன் அலுவலகத்திலிருந்து வந்தது. மைக்கேல் டீவர் மேடையில் பேசியவர் அல்ல. துணைத் தலைமை அலுவலர் என்ற பதவியில் இருந்துகொண்டு, ரீகன் எங்கே நிற்க வேண்டும், பின்னணியில் என்ன தெரிய வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று முடிவு செய்தவர். 1984 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியதன் நாற்பதாம் ஆண்டு. பாயின்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையின் உச்சியில் ரீகன் நிற்கிறார், பின்னால் கடல், முன்னால் அந்தப் பாறையில் கயிறு பிடித்து ஏறிய ரேஞ்சர் படைவீரர்கள், இப்போது வயதானவர்கள், நாற்காலிகளில். பேச்சு பிரான்ஸ் நேரப்படி மதியம் ஒன்றரை மணிக்குச் சற்று முன். அது அமெரிக்கக் கிழக்குக் கரையில் மக்கள் காலை உணவோடு தொலைக்காட்சி பார்க்கும் ஏழரை மணிக்குச் சற்று முன். அந்த நேரம் தற்செயலாக அமைந்ததல்ல. அது தேர்தல் ஆண்டும்கூட.

அதே கண் 1985-இல் தவறியது. ஜெர்மனியில் ரீகன் போக வேண்டிய இடங்களைப் பார்வையிட டீவர் குளிர்காலத்தில் போனார். பிட்பர்க் ராணுவக் கல்லறை பனியால் மூடிக் கிடந்தது. பார்க்க அமைதியான, அழகான இடம். ஒப்புக்கொண்டார்கள். பனி உருகிய பிறகுதான் அங்கே இருந்த சுமார் இரண்டாயிரம் கல்லறைகளில் 49 கல்லறைகள் ஹிட்லரின் நாஜிப் படைப்பிரிவான வாஃபன் எஸ்எஸ்ஸைச் சேர்ந்தவர்களுடையவை என்று தெரிந்தது. யூத இன அழிப்பிலிருந்து உயிர் தப்பிய எலீ வீசல், வெள்ளை மாளிகையிலேயே ரீகனின் முகத்துக்கு நேராக, அது உங்கள் இடமல்ல அதிபர் அவர்களே என்றார். மேற்கு ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) கோலுக்குக் கொடுத்த வாக்கை மீற ரீகன் மறுத்துவிட்டார். மே 5 அன்று சில நிமிடங்களே அந்தக் கல்லறையில் நின்றார், முன்னதாக பெர்கன்-பெல்சன் வதைமுகாம் இருந்த இடத்துக்கும் போனார். படத்துக்கு என்ன வரும் என்று பார்த்தவர், பெயர்ப்பலகைகளைப் படிக்கவில்லை. தலைவரை ஓர் இடத்துக்கு அனுப்புமுன் அந்த இடத்தின் வரலாற்றைத் தெரிந்த ஒருவரைக் கேட்பது, இன்றும் பல நிறுவனங்கள் விட்டுவிடுகிற வேலை.

அந்த மே மாதமே டீவர் அரசுப் பணியை விட்டுச் சொந்த நிறுவனம் தொடங்கினார். கனடா அரசு, தென்கொரிய நிறுவனம், சவூதி அரேபியா, பிலிப் மோரிஸ் என்று வாடிக்கையாளர்கள் வரிசை கட்டினார்கள். வெள்ளை மாளிகை நுழைவுச்சீட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. 1986 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது: காரின் பின்இருக்கையில், காதில் தொலைபேசியோடு. வாஷிங்டனில் செல்வாக்கு விற்பனைக்கு என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். அந்த ஓர் அட்டைப்படம் அவருக்கு வினையாகப் போய்விட்டது. 1978-இன் நன்னெறிச் சட்டப்படி உயர் அதிகாரிகள் விலகிய ஓராண்டுக்குத் தாங்கள் இருந்த அலுவலகத்திடம் வாடிக்கையாளருக்காகப் பரிந்து பேசக் கூடாது. அமெரிக்க ஆலைப் புகையால் கனடாவில் பெய்த அமில மழை விவகாரத்தில் பதவியில் இருந்தபோது கலந்துகொண்டுவிட்டு, வெளியே வந்ததும் கனடாவிடம் 1,05,000 டாலர் வாங்கியது ஏன் என்று நாடாளுமன்றம் கேட்டது. தனி விசாரணை வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். 1987 டிசம்பரில் டீவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பரிந்து பேசியதற்காக அல்ல, யார் யாரைத் தொடர்புகொண்டேன் என்பது பற்றிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காக. ஐந்து குற்றச்சாட்டில் மூன்று நிரூபணமாயின. மூன்றாண்டுச் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஒரு லட்சம் டாலர் அபராதம், 1,500 மணி நேரச் சமூக சேவை.

ஆனால் டீவர் திரும்பி வந்தார். 1992-இல் எடெல்மன் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது, 2007-இல் புற்றுநோயால் இறக்கும் வரை அந்தத் துறையில் மதிப்போடு இருந்தார். ஸ்பீக்ஸ் ஏன் வரவில்லை, டீவர் எப்படி வந்தார்? என் கணிப்பு இது: டீவர் விற்க முயன்ற அணுகல் போய்விட்டது, ஆனால் ஒரு காட்சியை எப்படி அமைப்பது என்ற திறமை அவரிடமே இருந்தது. அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஸ்பீக்ஸிடம் இருந்தது சொல் மட்டும்தான்.

இன்றைய விதிகள் கொஞ்சம் தெளிவானவை. 1995-இன் லாபி (அரசிடம் பரிந்து பேசும் வேலை) சட்டப்படி, ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது லாபி வேலையாக இருந்தால்தான் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு அரசுகளுக்கு வேலை செய்தால் 1938-இலிருந்து இருக்கிற தனிச் சட்டம் ஒன்று உண்டு. இந்த எல்லைக்கு வெளியே நின்று, "நான் யாரையும் அழைக்க மாட்டேன், யாரை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லித் தருவேன்" என்பவர்தான் ஆலோசகர். இது சட்டத்தில் இருக்கிற ஓட்டை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் நேர்மையாகச் செய்தால் அந்த ஆலோசனையில் உண்மையான வேலை இருக்கிறது.

அது எப்படி இருக்கும்? ஓர் அறை, ஒரு கேமரா, நிறுவனத் தலைவர் நாற்காலியில். ஆலோசகர் நிருபராக நடிக்கிறார். முதல் கேள்வி சாதாரணம். மூன்றாவது கேள்வி: "இந்தக் கோளாறு உங்களுக்கு எப்போது தெரியும்?" தலைவரின் கண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் பக்கம் போகிறது. அங்கேயே நிறுத்தி, பதிவை ஓட்டிக் காட்டுகிறார்கள். பதில் என்னவாக இருந்தாலும், அந்தக் கண் போன திசைதான் செய்தி. வழக்கறிஞர் எதுவும் சொல்லாதீர்கள் என்பார், சொன்னது நீதிமன்றத்தில் வந்து நிற்கும் என்று. ஆலோசகர், வாய் திறக்காவிட்டால் தப்பு உன்மேல்தான் என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்பார். இருவரும் சொல்வது சரி. அரசியலில் இருந்து வந்தவர்களின் பலம் இங்கேதான். இந்தச் சண்டையை ஒரு மணி நேரத்தில் முடித்து, இருவரும் ஏற்கிற இரண்டு வாக்கியத்தைக் கையில் கொடுக்க அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் தினமும் அதைச் செய்திருக்கிறார்கள். நிருபரிடம் பெயரோடு பேசுகிறோமா, "அதிகாரி ஒருவர்" என்று போடலாமா, வெளியிடவே கூடாதா என்பதை வாய் திறக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குப் பழகிப்போன பாடம். சொல்லிவிட்டு, "இதைப் போடாதீர்கள்" என்று கெஞ்சுவது புதியவர்கள் செய்வது.

அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் முதல் பத்திரிகைச் செயலாளர் ஆரி ஃபிளைஷர் 2003-இல் விலகி விளையாட்டு உலகத்துக்கான ஆலோசனைத் தொழில் தொடங்கினார். 2010 ஜனவரி 11 அன்று பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயர், தான் உடல் வலுவைக் கூட்டும் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். முதலில் எழுத்து அறிக்கை, பிறகு நிருபர்களோடு தொலைபேசிப் பேச்சு, மாலையில் பாப் காஸ்டஸுக்கு நீண்ட தொலைக்காட்சிப் பேட்டி, எல்லாம் ஒரே நாளில். துளித்துளியாக வெளியே வந்து வாரக்கணக்கில் ஓடக்கூடிய கதையை ஒரே நாளுக்குள் அடக்கிய வரிசை அது. வரிசையில் குறையில்லை. ஆனால் மெக்வயர், மருந்து உடல் தேற மட்டும்தான், ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) அடிக்க உதவவில்லை என்றார். அதை நம்பியவர்கள் குறைவு. ஆலோசகரால் நேரத்தையும் வரிசையையும் அமைக்க முடியும், ஒப்புக்கொள்ள மனசில்லாததை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. அதே ஆண்டு, சொந்த வாழ்க்கைச் சர்ச்சைக்குப் பின் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் திரும்பி வரும் முயற்சியில் ஃபிளைஷர் சம்பந்தப்பட்டிருப்பது வெளியே தெரிந்து, அவர் பெயரே செய்தியானதும் மார்ச்சில் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். சரியான முடிவு.

அரசியல் உத்தி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு பிரிட்டனிலிருந்து ஒரு உதாரணம் சொல்லி நிறுத்துகிறேன். டோனி பிளேரின் தகவல் தொடர்பு இயக்குநராக இருந்து 2003-இல் விலகிய அலஸ்டர் கேம்பல், 2005-இல் நியூசிலாந்து போன பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் ரக்பி அணிக்கு ஊடக ஆலோசகராகப் போனார். அழைத்தவர் பயிற்சியாளர் கிளைவ் வுட்வர்ட். அணியில் இடம் கிடைக்காத கேவின் ஹென்சனும் வுட்வர்டும் நடந்துகொண்டே பேசுவது போன்ற ஒரு புகைப்படம் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டு வெளியானது. இருவருக்கும் மனக்கசப்பு இல்லை என்று காட்ட. படம் எடுக்கிறார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்று ஹென்சன் பின்னால் சொன்னார். கிறைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அணித்தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்கலை இரண்டு நியூசிலாந்து வீரர்கள் தூக்கிப் போட்டுத் தோள் விலகியது. அது கண்டிக்க வேண்டிய செயல்தான். ஆனால் 21-3 என்று தோற்ற பிறகு நாட்கணக்கில் அந்த ஒரு சம்பவத்தையே லயன்ஸ் தரப்பு பேசியது, தோல்வியிலிருந்து கவனத்தைத் திருப்பும் அரசியல் வேலையாக உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குத் தெரிந்தது. நியாயமான புகாருக்குக்கூட மதிப்பில்லாமல் போனது, புகார் சொல்பவரின் பெயர் அப்படி. தேர்தலில் எதிராளியின் தவறைத் தினமும் பேசினால் வாக்கு நகரும். மைதானத்தில் ஸ்கோர் நகராது. அடுத்த இரண்டு டெஸ்ட்களும் 48-18, 38-19 என்று போயின.